பிறந்த தேதியிலிருந்து தொடங்குவோம்

வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போகும் குடும்பங்களுக்குப் பள்ளி தேடித் தருவது என் பிழைப்பு. பழைய மாமல்லபுரம் சாலை நெடுக இருக்கும் நிறுவனங்கள் ஓர் ஊழியரை லண்டனுக்கோ டல்லாஸுக்கோ அனுப்பும்போது, விமான டிக்கெட், சாமான் அனுப்பும் செலவு, முதல் மாத வாடகை என்று ஒரு பட்டியல் போடும். அதன் கடைசி வரியில் 'ஸ்கூல் சர்ச்' என்று இருந்தால் ஹெச்.ஆர். என் எண்ணைக் கொடுப்பார்கள். இதற்கு முன் சென்னையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியின் அலுவலகத்தில் அட்மிஷன் மேசையில் இருந்தேன். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு டி.சி. எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தப் பிள்ளைகள் போய்ச் சேரும் வகுப்பறை எப்படி இருக்கும் என்று யோசனை ஓட ஆரம்பித்தது. அங்கிருந்துதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

அழைப்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். "அங்கே பெஸ்ட் ஸ்கூல் எது மேடம்?" என்று கேட்பதற்குள் வாட்ஸ்அப்பில் யாரோ உறவினர் அனுப்பிய தரவரிசைப் பட்டியல் எனக்கு வந்துவிடும். அதை ஓரமாக வைத்துவிட்டு நாலு விஷயம் கேட்பேன். குழந்தை பிறந்த தேதி என்ன? எத்தனை வருஷம் இருப்பதாக உத்தேசம், அதற்குப் பிறகு எங்கே? வீடு எந்தப் பகுதியில்? கையில் என்னென்ன காகிதம் இருக்கிறது? இந்த நாலுக்கும் நேர்மையான பதில் வந்துவிட்டால், பள்ளிகளின் பட்டியல் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். எது சிறந்த பள்ளி என்று கேட்க வேண்டிய அவசியமே பல சமயம் வருவதில்லை.

முதலில் பிறந்த தேதி. 2016 ஜூலையில் பிறந்த ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் அவள் சென்னையில் மூன்றாம் வகுப்பு. அதே மாதம் டெக்சஸில் தேர்டு கிரேடு, இங்கிலாந்தில் இயர் ஃபோர், சிங்கப்பூரில் பிரைமரி டூ. இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31 தான் எல்லை. அந்த நாளுக்குள் நாலு வயது நிறைந்த குழந்தை செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பில் உட்காரும். சிங்கப்பூரில் பள்ளி ஜனவரியில் திறக்கும், வயதும் ஜனவரிக் கணக்குத்தான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதி. கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் செப்டம்பர் 1 அன்று ஐந்து வயது ஆகியிருந்தால் கிண்டர்கார்டன்.

இதைக் கேட்டதும் சில அப்பாக்களுக்கு முகம் மலரும். "அப்போ லண்டனில் எங்க பொண்ணுக்கு டபுள் ப்ரமோஷனா?" இன்னும் சிலருக்கு மனசு ஆறாது. 2019 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் பிறந்த பையன், சென்னையில் ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறான். டல்லாஸில் அவனைக் கிண்டர்கார்டனில் உட்கார வைக்கிறார்கள். "ஒரு வருஷம் வீணாகிறதே" என்று தலைமையாசிரியருக்கு நீளமான மின்னஞ்சல் எழுதித் தரச் சொல்வார்கள். எழுதித் தரமாட்டேன். அந்த ஊர்களில் வகுப்பு என்பது வயதை வைத்து. நம் ஊர்போல முடித்த வகுப்பை வைத்து அல்ல. அதற்காகச் சண்டை போடும் முதல் மாதத்தில் வேறு உருப்படியான வேலைகள் பாக்கி இருக்கும்.

அதில் முக்கியமான வேலை, கதைப் புத்தகம் வாசிக்க வைப்பது. இங்கிலாந்தில் இயர் ஃபோர் முடிவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பாட்டுச் சோதனை ஒன்று உண்டு, பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை. நம் பிள்ளைகள் அதை ஊதித் தள்ளிவிடுவார்கள். ஆனால் "நேற்று நீ பார்த்ததைப் பத்து வரி எழுது" என்றால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்து எழுதிய கைக்குச் சொந்த வாக்கியம் வர ஆறு மாதம் பிடிக்கும். புறப்படுவதற்கு முன்னால் இருக்கிற இரண்டு மூன்று மாதத்தில் டியூஷன் வைக்கப் பெற்றோர் கேட்பார்கள். நான் நூலகத்தில் சேர்க்கச் சொல்வேன்.

இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் கிடைப்பது கஷ்டம். "எத்தனை வருஷம்?" என்றால் அப்பா விசாவின் காலத்தைச் சொல்வார். அம்மா பேசாமல் இருப்பார். ஸ்பீக்கரில் பாட்டியின் குரல் கேட்கும்: "ரெண்டு வருஷம்தானேம்மா, அப்புறம் வந்துடுவாங்க." நான் கேள்வியை மாற்றிப் போடுவேன்: திரும்பி வந்தால், பிள்ளை எந்த வகுப்பில் வந்து சேர்வான்?

சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து இரண்டாண்டுப் படிப்பு. பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே. வாரியத்தில் பெயர் பதிவது ஒன்பதிலும் பதினொன்றிலும். நேராகப் பத்திலோ பன்னிரண்டிலோ வந்து சேர, பெற்றோரின் பணிமாற்றம் மாதிரி காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஏழாம் வகுப்பு முடித்த பையனோடு இரண்டரை வருஷம் போகிறவர்கள், திரும்பும்போது பத்தாம் வகுப்பின் நடுவில் வந்து நிற்பார்கள். அமெரிக்காவில் பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வே கிடையாது. அங்கே டென்த் கிரேடு முடித்த பிள்ளையை இங்கே பதினொன்றில் சேர்க்கும்போது சமநிலைச் சான்று, பாட விவரம் என்று காகிதம் கேட்பார்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு வந்தால், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்களுக்கு நேட்டிவிட்டி சான்று தேவை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். தமிழ் எழுத்தை மறந்துவிட்டு ஏழாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை படும் பாடு தனி. லண்டனில் ஈழத்தமிழர்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல ஊர்களில் உண்டு. அவற்றின் முகவரியையும் முதல் பட்டியலிலேயே சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.

இந்தக் கேள்விக்கான பதில் துபாயில்தான் பணமாகத் தெரியும். அங்கே நம்மவர்களின் பிள்ளைகள் படிப்பது தனியார் பள்ளிகளில். கே.ஹெச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு 2008 முதல் அந்தப் பள்ளிகளை ஆய்வு செய்து தரம் கொடுத்து வந்திருக்கிறது. 'அவுட்ஸ்டாண்டிங்' என்பது உச்சம். அதற்குக் கீழே 'வெரி குட்', 'குட்', 'அக்செப்டபிள்' என்று இறங்கும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்டு கடைசியில். கம்பெனி கட்டணம் கட்டுகிறது என்று 'அவுட்ஸ்டாண்டிங்' பிரிட்டிஷ் பள்ளியில் சேர்ப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒப்பந்தம் மாறும், கல்விப் படி நின்றுபோகும். பிள்ளையோ ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பிரிட்டிஷ் பாணித் தேர்வின் பாதையில் பாதி வழி போயிருப்பான். இரண்டு வருஷத்தில் திருச்சிக்குத் திரும்பப்போவது உறுதி என்றால், 'குட்' என்று தரம் வாங்கிய இந்தியப் பாடத்திட்டப் பள்ளியே அந்தக் குடும்பத்துக்குச் சிறந்த பள்ளி. இதைச் சொன்னால் சிலர் என்னை மட்டமாக நினைப்பார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிங்கப்பூர் வேறு மாதிரி. தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் இருக்கிறது என்றதும் அரசுப் பள்ளியில் எளிதில் இடம் கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டு வருவார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் போக மிச்சமிருந்தால்தான் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இடம். பிரைமரி டூ முதல் ஃபைவ் வரை, செகண்டரி ஒன் முதல் த்ரீ வரை சேர ஏ.ஈ.ஐ.எஸ். என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும், ஆங்கிலமும் கணக்கும். தேறினாலும் எந்தப் பள்ளியில் காலியிடம் இருக்கிறதோ அங்கேதான். ஏப்ரலில் போய் இறங்குகிறவர்களுக்கு அதுவரை சர்வதேசப் பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது என்று ஹெச்.ஆர்.-இடம் எழுத்தில் வாங்கச் சொல்வேன்.

மூன்றாவது, வீடு. "வீடு முடிஞ்சிடுச்சு மேடம், ஆபீஸுக்குப் பத்து நிமிஷம்தான்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அரசுப் பள்ளி இலவசம், தரமும் நன்றாகவே இருக்கும். ஆனால் எந்தப் பள்ளி என்பதை முகவரிதான் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எல்லையும் நகர எல்லையும் ஒன்றல்ல. டல்லாஸ் பக்கத்தில் வேலி ராஞ்ச் பகுதியில் வீடு பிடித்தால் தபால் முகவரி இர்விங் என்று வரும். பல தெருக்களுக்குப் பள்ளியோ காப்பெல் டிஸ்ட்ரிக்ட். நம்மவர்கள் நிறைய இருக்கும் பகுதி அது. வீட்டுத் தரகர் சொல்வதை நம்பாமல், லீஸில் கையெழுத்துப் போடுமுன் கதவு எண்ணோடு டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தைக் கேட்டுவிட வேண்டும். இரண்டு கேள்வி போதும்: இந்த முகவரிக்கு எந்தப் பள்ளி? அந்தப் பள்ளியில் இந்த வகுப்புக்கு இப்போது இடம் இருக்கிறதா? வேகமாக வளரும் புறநகர்களில் வகுப்பு நிரம்பிவிட்டால், வாசலில் இருக்கும் பள்ளியை விட்டுவிட்டு வேறு பள்ளிக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள்.

இங்கிலாந்தில் நடுவருஷத்தில் போகிறவர்கள் கவுன்சிலிடமோ பள்ளியிடமோ நேராக விண்ணப்பிக்க வேண்டும். பல கவுன்சில்கள் குடும்பம் வந்திறங்கி முகவரிச் சான்று காட்டிய பிறகே விண்ணப்பத்தைத் தொடும். ரிசப்ஷன், இயர் ஒன், இயர் டூ வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சேலத்திலிருந்து ரெடிங் போன ஒரு குடும்பத்தில் மூத்தவனுக்கு இயர் ஃபைவில் நடக்கும் தூரத்தில் இடம் கிடைத்தது. இளையவளின் இயர் ஒன் வகுப்பில் முப்பதும் நிறைந்திருந்ததால் அவளுக்கு இரண்டு மைல் தள்ளி வேறொரு பள்ளி. இரண்டு பள்ளியும் ஒரே நேரத்தில் தொடங்கும், காரில்லை, அப்பாவுக்கு அலுவலகம். அந்த அம்மா அழுதுகொண்டே பேசினார். மூத்தவனைக் காலையில் பள்ளி திறக்குமுன் நடக்கும் பிரேக்ஃபாஸ்ட் கிளப்பில் விட்டுவிட்டு இளையவளோடு பஸ் பிடிப்பது என்று ஏற்பாடு செய்தோம். கையோடு இளையவளின் பெயரை அண்ணன் பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் போட்டோம். அந்தப் பட்டியலில் முதலில் பதிந்தவருக்கு முதலிடம் என்ற பேச்சே கிடையாது. அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா, வீடு எவ்வளவு பக்கம் என்பதுபோன்ற பள்ளியின் விதிகளை வைத்துத்தான் வரிசை. அண்ணன் சேர்ந்துவிட்டதால் அவள் பெயர் மேலே ஏறியது. அடுத்த பருவத்தில் ஒரு குடும்பம் ஊர் மாற, இடம் கிடைத்தது.

லண்டன் போகிறவர்கள் தவறாமல் கேட்பது கிராமர் ஸ்கூல். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசு நிதிப் பள்ளிகள் அவை, இங்கிலாந்தில் மொத்தம் 163. லண்டனின் சட்டன் பகுதியில் உண்டு, பக்கத்து க்ராய்டனில் இல்லை. ரெட்பிரிட்ஜில் உண்டு, ஹாரோவில் இல்லை. இயர் சிக்ஸ் தொடங்கும் செப்டம்பரிலேயே நுழைவுத் தேர்வு வந்துவிடும், அதற்குப் பெயர் பதிவது அதற்கும் முந்தைய கோடையில். நவம்பரில் பத்து வயதுப் பிள்ளையோடு போய் இறங்குகிறவர்களிடம், சட்டனில் அதிக வாடகை கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். 'ஆஃப்ஸ்டெட் அவுட்ஸ்டாண்டிங்கா?' என்றும் இன்னும் கேட்கிறார்கள். ஆஃப்ஸ்டெட் என்பது அங்குள்ள பள்ளி ஆய்வு அமைப்பு; ஒற்றைச் சொல்லில் தரம் சொல்லும் அதன் வழக்கத்தை அரசுப் பள்ளிகளுக்கு 2024 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது அறிக்கையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதிலும் வருகைப் பதிவு, பிள்ளைகளின் நடத்தை பற்றிய பகுதியை முதலில் படியுங்கள்.

இனி காகிதம். தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு, அது இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் தாத்தா பெயர், பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், அம்மாவுக்கு வேறு. ஒரே வீட்டில் மூன்று சர்நேம் இருந்தால் பள்ளி அலுவலகம் பிறப்புச் சான்றிதழைக் கேட்கும். எடுத்துப் பார்த்தால் அதில் குழந்தையின் பெயரே ஏறியிருக்காது. மருத்துவமனையில் பதிந்தபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பிறகு சேர்க்கவும் மறந்திருப்பார்கள். பாஸ்போர்ட்டில் சர்நேமைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் இருக்கும் ஒரே பெயர் சர்நேமாக ஏறிவிடும். முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று வரும், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அதை அப்படியே பள்ளிக் கணினியில் ஏற்றிவிட்டதால், ஒரு பெண்ணை ஆசிரியை வாரக்கணக்கில் 'ஃப்னூ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அதையும் தன் பெயரென்றே எடுத்துக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறாள். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் பாஸ்போர்ட்டைத் திருத்த நேரம் இருந்தால் திருத்திவிடுவது நல்லது. இல்லையென்றால் சேர்க்கைப் படிவத்தில் கூப்பிடும் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது.

தடுப்பூசி அட்டையை அமெரிக்கா கறாராகப் பார்க்கும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடுவது தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்குமான எம்.ஆர். ஊசி, ஒன்பதாம் மாதம் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி இன்னொன்று. அமெரிக்கப் பள்ளிகள் கேட்பது பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். அதோடு, முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சின்னம்மை ஊசியும் நம் அரசு அட்டவணையில் இல்லை, அங்கே கேட்பார்கள். சில இடங்களில் காசநோய்ச் சோதனையும் உண்டு. பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்ட நம் பிள்ளைகளுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்த்தால் வீங்கும் வாய்ப்பு இருப்பதால், ரத்தப் பரிசோதனை செய்யும்படி கேட்கச் சொல்வேன். ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் எல்லா ஊசியையும் ஒரே தாளில், ஆங்கிலத்தில், மாதத்தை எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 5-8 என்று எண்ணில் எழுதினால் இங்கே ஆகஸ்டு, அங்கே மே. ஜெர்மனியில் 2020 மார்ச்சிலிருந்து தட்டம்மைச் சான்று கட்டாயம். இங்கிலாந்துப் பள்ளிகள் சேர்க்கைக்கு ஊசிச் சான்று கேட்பதில்லை. வளைகுடாப் பள்ளிகளுக்கு டி.சி.யில் மேலொப்பமும் அட்டஸ்டேஷனும் கேட்கும் இடங்கள் உண்டு, கோடை விடுமுறையில் அதற்கு அலைய முடியாது.

அமெரிக்கச் சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை மட்டமாக நினைப்பார்களோ என்று பயந்து 'இங்கிலீஷ்' என்று எழுதிவிடுவார்கள். தமிழ் என்று எழுதினால்தான் பிள்ளைக்கு ஆங்கிலச் சோதனை வைத்து, தேவைப்பட்டால் காசில்லாமல் தனி வகுப்பு எடுப்பார்கள். கிடைக்கிற உதவியை நாமே தட்டிவிடுகிறோம்.

மறைப்பதிலேயே மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. எல்லாப் பேச்சும் முடிந்த பிறகு, இரவு பத்து மணிக்கு அம்மா மட்டும் தனியாக அழைப்பார். "மேடம், அவனுக்குக் கொஞ்சம் பேச்சு லேட். தெரபிக்குப் போறோம். ஸ்கூல்ல சொல்ல வேண்டாம்தானே?" ஆட்டிசம் என்ற வார்த்தை வாயில் வராது. சென்னைப் பள்ளிகளில் அந்த அறிக்கையைக் காட்டி இடம் மறுக்கப்பட்டவர்கள் அவர்கள், மறைப்பது அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம். ஆனால் அமெரிக்காவில் அந்த அறிக்கைதான் முதலில் நீட்ட வேண்டிய காகிதம். அங்குள்ள சட்டப்படி மூன்று வயதிலிருந்து இருபத்தொன்று வரை அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்ற கல்வியை அரசுப் பள்ளி இலவசமாகத் தர வேண்டும். பெற்றோர் எழுத்தில் சம்மதித்த நாளிலிருந்து 60 நாளுக்குள், அல்லது மாநிலம் வகுத்த கெடுவுக்குள் பரிசோதித்தாக வேண்டும். இங்கிலாந்தில் தனித் திட்டம் கேட்டு விண்ணப்பித்தால் 20 வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும். வளைகுடாவில் துணை ஆசிரியரின் சம்பளத்தைப் பெற்றோரே கட்ட நேரலாம். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு எந்த நாடு என்பதே பள்ளியைவிடப் பெரிய முடிவு. கம்பெனி இரண்டு ஊரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால், சம்பளத்தைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள் என்பேன். இந்தப் பேச்சு ஹெச்.ஆர். காதுக்குப் போகாது.

பெரிய பிள்ளைகள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. என்பது இயர் டென், லெவன் என்ற இரண்டாண்டுப் படிப்பு. இயர் லெவனில் போய் இறங்கும் பிள்ளைக்கு அதே பாடங்களை அதே வாரியத்தில் நடத்தும் பள்ளி அமைவது அபூர்வம். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் கல்லூரி விண்ணப்பத்துக்குப் போகும். பதினைந்து வயதுப் பெண்ணை நண்பர்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் நடுவருஷத்தில் புது வகுப்பில் நிறுத்தினால், எவ்வளவு நல்ல பள்ளியானாலும் முதல் வருஷம் வீட்டில் கதவு சாத்தியே கிடக்கும். இந்த வயதுப் பிள்ளைகளிடம் ஒரு நாளாவது அம்மா அப்பா இல்லாமல் பேசக் கேட்பேன். பள்ளியைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்பதில்லை. கிரிக்கெட் உண்டா, வீணை கிளாஸ் தொடர முடியுமா, போனை வகுப்புக்குள் கொண்டுபோகலாமா என்றுதான் கேட்பார்கள். அந்தப் பதில்களைத் தேடித் தருவதும் என் வேலைதான். வீணை டீச்சர் இணையத்தில் வகுப்பெடுக்க ஒப்புக்கொண்ட பிறகு சம்மதித்த பெண்கள் உண்டு.

ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில், அப்பா முதலில் போகட்டும், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் குடும்பம் போகட்டும் என்று சொல்வேன். சின்னப் பிள்ளைகள் என்றால், நவம்பரில் போகச் சொல்லும் கம்பெனியிடம் ஜூலைக்கு மாற்றித்தரக் கேளுங்கள் என்பேன். இங்கிலாந்தில் அடுத்த செப்டம்பர் ரிசப்ஷனுக்கு விண்ணப்பக் கடைசி நாள் ஜனவரி 15, இயர் செவனுக்கு அக்டோபர் 31. இந்தத் தேதிகளையும் பிள்ளையின் பிறந்த தேதியையும் ஒரே தாளில் எழுதி, ப்ராஜெக்ட் தேதிக்குப் பக்கத்தில் வைத்து மேனேஜரிடம் காட்டச் சொல்வேன். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் நாம், இதற்கும் பார்க்கலாம். கேட்டவர்களில் பலருக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிக் கிடைத்திருக்கிறது. விசாவுக்குக் காகிதம் போகும் முன், எழுத்தில் கேட்க வேண்டும். டிக்கெட் கைக்கு வந்தபின் யாரும் தேதியை மாற்றித் தரமாட்டார்கள்.